ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடிய கடிகாரம்

நீங்கள் எழுதியது பொய். தெரியாமல் எழுதினேன் என்று சொல்வீர்கள். தெரிந்த பிறகும் திருத்தவில்லை. அதனால் எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

விருதுநகரில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறீர்கள். மாவட்டத்தில் கம்ப்யூட்டர் கேம் ஆடுகிறவர்களைச் சேர்த்து ஒரு வாட்ஸப் குரூப் வைத்திருக்கிறீர்கள். அதில் ஒரு கார் ரேஸ் போட்டி நடத்தினீர்கள். நான் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுக்குக் கீழே நீங்கள் எழுதியதை அப்படியே இங்கே வைக்கிறேன். "இது போலி. விர்ச்சுவல் மிஷின்ல டைமை மாத்தி ஓட்டிருக்கு. சிவகாசி பிரஸ்ல லேபிள் அடிக்கிற கைக்கு ஸ்கிரீன்ஷாட் அடிக்கத் தெரியாதா?" பின்னால் ஒரு சிரிக்கிற பொம்மையும் போட்டிருந்தீர்கள்.

உங்கள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அந்தக் குரூப்பில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். மற்றவர்களுக்கு நடந்தது மட்டும் தெரிந்தால் போதும்.

நான் சிவகாசியில் ஓர் ஆஃப்செட் பிரஸ்ஸில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வடிவமைக்கிறேன். வெளியூர்க்காரர்களுக்கு இது என்ன பெரிய வேலை என்று தோன்றும். தீபாவளி சீசனுக்கு முன்னால் ஒரு கம்பெனியின் புது லேபிள் எப்படி இருக்கும் என்பது அந்தக் கம்பெனிக்கும், எங்கள் முதலாளிக்கும், அதை வரைகிற எனக்கும்தான் தெரியும். வேறு எவனாவது அதே நிறத்தில், அதே எழுத்தில், ஒரு புள்ளியை மட்டும் மாற்றிப் பெட்டி போட்டுவிட்டால் கம்பெனிக்கு அந்த வருஷம் அடி. போலி லேபிள் என்று பிடிபட்டால் அடித்த பிரஸ்ஸை மூட வேண்டியதுதான். அதனால் எங்கள் ஊரில் லேபிள்காரியைப் பார்த்துப் போலி என்று யாரும் விளையாட்டுக்குச் சொல்வதில்லை. நீங்கள் சொன்னீர்கள். பொம்மை போட்டுச் சொன்னீர்கள்.

"தாயில்பட்டியில மேக்கா" என்று உங்கள் குரூப்பில் ஒருவர் கேட்டிருந்தார். நீங்கள் அதற்கும் ஒரு சிரிப்பு போட்டீர்கள். ஆமாம், சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கிற என் ஊர் தாயில்பட்டியில்தான். என் அம்மா அங்கே ஒரு பட்டாசு ஆலையில் சரவெடி பின்னுகிறார். அப்பா உயிரோடு இல்லை. பிரஸ்ஸில் புது மேக் கம்ப்யூட்டர் வாங்கியபோது பழையதை முதலாளி என்னிடம் கொடுத்து, வீட்டில் வைத்து அவசர வேலை பார்க்கச் சொன்னார். திரையும் கம்ப்யூட்டரும் ஒன்றாக இருக்கிற பெரிய மேக். அதற்கு பேட்டரி கிடையாது. வயரைப் பிடுங்கினால் செத்துப் போகும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

எங்களிடம் லேபிள் அடிக்கக் கொடுக்கிற கம்பெனிக்காரர்களைப் பார்ட்டி என்போம். அதில் ஒருவர் இன்றைக்கும் விண்டோஸில் மட்டும் திறக்கிற பழைய தமிழ் ஃபைல்தான் அனுப்புவார். அதற்காக என் மேக்கில் முதலிலேயே விர்ச்சுவல் மிஷின் போட்டிருந்தேன். மேக் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்குள் ஒரு சன்னலில் விண்டோஸ் ஓடும். ஒரே வீட்டில் இரண்டு குடும்பத்தைக் குடிவைத்த மாதிரி. அடுப்பும் குழாயும் பொது. ஃபைல் திறப்பதற்கு அது போதும்.

பிரஸ்ஸில் பேப்பர் கட்டிங் மிஷின் ஓட்டுகிற ஒருவன் இருக்கிறான். விருதுநகரிலிருந்து வந்து போகிறவன். அவன்தான் அந்த ரேஸ் கேமை எனக்குப் பழக்கினான். பழைய கேம். விண்டோஸுக்கு மட்டும்தான் உண்டு. நெட் வேண்டாம். குறித்த ஒரு பாதையை எவ்வளவு சீக்கிரம் ஒரு சுற்று சுற்றுகிறோம் என்பதுதான் கணக்கு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவன் லேப்டாப்பில் ஆடியபோது எனக்கு அது கைவந்தது. நிஜத்தில் எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டிதான்.

வீட்டில் விர்ச்சுவல் மிஷினில் அதைப் போட்டு ஓட்டினேன். படம் திக்கித் திக்கி வந்தது. நான் இடப்பக்கம் திருப்பினால் கார் யோசித்துவிட்டுத் திரும்பும். அதற்குள் சுவரில் இருக்கும். கைபேசியில் படம் பிடித்து அவனிடம் காட்டினேன்.

"அக்கா, ஒங்க காரு வளைவுல திரும்புதா, இல்ல எறங்கி டீ குடிச்சிட்டு வருதா?"

"வாய மூடிட்டுப் பேப்பரை வெட்டுலே."

"கோவப்படாதீக. அந்த மேக்க ரெண்டா வெட்டுங்க. ஒரு பக்கம் முழுசா விண்டோஸ் போடுங்க. அப்பந்தான் ஓடும்."

டூயல் பூட்டைத்தான் அப்படிச் சொன்னான். மேக்கின் வட்டை, அதாவது ஹார்ட் டிஸ்கை, இரண்டாகப் பிரித்து, ஒன்றில் மேக், ஒன்றில் விண்டோஸ். ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். ஆனால் ஓடுவது எதுவோ, அதற்கு மிஷினின் முழு பலமும் கிடைக்கும். புது மேக்குகளில் இது முடியாது. என்னுடையது பழசு என்பதால் முடிந்தது.

உங்கள் போட்டி அறிவிப்பு அப்போதுதான் வந்தது. விர்ச்சுவல் மிஷின் கூடாது என்று போட்டிருந்தீர்கள். அதற்குள் நேரத்தை மெதுவாக ஓட விட்டு நல்ல கணக்கு காட்டலாம் என்று காரணமும் எழுதியிருந்தீர்கள். சரியான விதி. நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் மேக் என்றாலே சந்தேகப்படுவீர்களோ என்று உங்களுக்குத் தனியாக எழுதிக் கேட்டேன். "அண்ணே, மேக்ல டூயல் பூட் போட்டு விண்டோஸ்ல ஆடலாமா?" நீங்கள் எழுதிய பதில்: "ஓகேம்மா, விஎம் மட்டும் கூடாது." விஎம் என்றால் விர்ச்சுவல் மிஷின். அந்தப் பதில் இன்னும் என் போனில் இருக்கிறது. உங்கள் போனிலும் இருக்கும், அழிக்காமல் இருந்தால்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலையைத் தொடங்கினேன். வட்டைப் பிரிக்கிற நேரத்தில் கரண்ட் போனால் எல்லாம் போச்சு என்று படித்திருந்தேன். என் வட்டில் நான் இத்தனை வருஷம் வரைந்த லேபிள் மாதிரிகள் எல்லாம் இருந்தன. பென்டிரைவில் எடுத்து வைத்தது பாதிதான். அதனால் யுபிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி வந்து மாட்டியிருந்தேன். கரண்டுக்குப் பயந்தேன். அம்மாவை மறந்துவிட்டேன்.

திரையில் ஒரு கோடு மெதுவாக நிறைந்துகொண்டு வந்தது. வெம்பக்கோட்டைப் பக்கம் வானம் கறுத்தது. தூரத்தில் ஒரு இடி. அம்மா அடுப்படியிலிருந்து நேராக வந்தார்.

"ஏட்டி, இடிக்குது. வயரப் புடுங்கு."

"இப்பம் புடுங்கக் கூடாதும்மா. உள்ள இருக்கது எல்லாம் போயிரும்."

"உள்ள இருக்கது போனா திரும்ப வரஞ்சிக்கிடலாம். வீடு போனா?"

இது சாதாரண பயம் இல்லை. எங்கள் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் முதல் இடி கேட்டதும் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். போர்மேன் சொல்லும்வரை யாரும் காத்திருப்பதில்லை. அம்மா வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவர் இருந்த அறைக்கு இரண்டு அறை தள்ளி மின்னல் இறங்கியிருக்கிறது. அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. ஆனால் வானத்தில் ஒரு முணுமுணுப்பு கேட்டாலும் வீட்டில் டிவி, கிரைண்டர், போன் சார்ஜர் என்று ஒரு வயர் சுவரில் இருக்காது. யுபிஎஸ் என்றால் என்ன என்று அவருக்கு விளக்க முடியாது. அதற்கும் ஒரு வயர் இருக்கிறது, அதுவும் சுவருக்குத்தான் போகிறது. அது மட்டும்தான் அவர் கண்ணுக்குத் தெரியும்.

பிளக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் திரைக்கும் அவர் கைக்கும் நடுவே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கோடு எம்புட்டு தூரம் போவணும்?"

"கடைசி வரைக்கும்."

"சீக்கிரம் போகச் சொல்லு."

"நான் சொன்னா கேக்குமா?"

"நீ சொன்னா நான் கேக்கேன்ல, அது கேக்காதாக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை. அடுத்த இடி கொஞ்சம் பக்கத்தில் கேட்டது. அவர் விரல்கள் பிளக்கைப் பிடித்தன. கோடு முடிந்தது. வட்டு இரண்டானது. நான் அவர் கையைப் பிடித்து மெதுவாக எடுத்தேன். மழை வரவில்லை. இடி ஆனைக்குட்டம் பக்கமாகப் போனது. விண்டோஸ் இறங்கியது. இனிமேல் ஒன்றுதான் பாக்கி. மேக்கின் திரை, ஸ்பீக்கர், வைஃபை, கடிகாரம் இவற்றை விண்டோஸுக்குப் பழக்குகிற ஒரு மூட்டை. அதைப் போட்டேன். அது பாதியில் இருக்கும்போது சன்னலுக்கு வெளியே வெள்ளையாக அடித்தது. சத்தம் கூடவே வந்தது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அம்மா சுவரில் இருந்ததையும் பிடுங்கினார், யுபிஎஸ்ஸில் இருந்ததையும் பிடுங்கினார்.

திரை கறுத்துவிட்டது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதமாட்டேன்.

"திட்டு," என்றார் அம்மா. "உசுரோட இருந்து திட்டு."

இடி ஓய்ந்த பிறகு போட்டுப் பார்த்தேன். மேக் வந்தது. விண்டோஸும் வந்தது. படம் நன்றாக இருந்தது, சத்தம் வந்தது, கேம் வெண்ணெய் மாதிரி ஓடியது. வைஃபை மட்டும் வரவில்லை. கடிகாரமும் தப்பாக ஓடியது. அந்த மூட்டையை மறுபடி போட்டுப் பார்த்தேன். ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லி நின்றுவிட்டது. கேமுக்கு நெட் வேண்டாம். விட்டுவிட்டேன்.

கடிகாரம் ஏன் தப்பாக ஓடியது என்பதை இப்போது சொல்கிறேன். இதைப் புரிந்துகொள்ள இன்ஜினியரிங் படிக்க வேண்டாம். மேக் தன் உள்ளே இருக்கும் கடிகாரத்தை லண்டன் கணக்கில் வைத்துக்கொள்ளும். நமக்குக் காட்டும்போது ஐந்தரை மணி நேரம் கூட்டிக் காட்டும். விண்டோஸ் அப்படி இல்லை. உள்ளே என்ன நேரம் இருக்கிறதோ அதுதான் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே நின்று சரிபண்ணுகிற ஆள் அந்த மூட்டையில்தான் இருக்கிறான். அவன் வந்து சேருவதற்குள் அம்மா வயரைப் பிடுங்கிவிட்டார். அதனால் மேக் பக்கம் இருந்துவிட்டு விண்டோஸ் பக்கம் வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். நெட் இருந்தால் அதுவாகவே திருத்திக்கொள்ளும். நெட்டும் இல்லை.

கையால் சரிசெய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். செய்திருக்கலாம். போட்டிக்கு ஆடுகிற மிஷினின் கடிகாரத்தில் கை வைக்கக் கூடாது என்றுதான் நான் அதைத் தொடவில்லை.

போட்டி நாள் ஒரு வேலைநாள். அன்று சிவகாசியில் மாதாந்திர மின்தடை, பிரஸ் லீவு. எங்கள் ஊருக்கு வேறு லைன், கரண்ட் இருந்தது. ஆளுக்கு ஒரு நாள் கொடுத்தீர்கள், அதனால்தான் அந்த நாளை உங்களிடம் கேட்டு வாங்கினேன். மத்தியானம் மூன்று மணியிலிருந்து ஐந்து மணிக்குள் ஆட வேண்டும், சிறந்த சுற்றின் ஸ்கிரீன்ஷாட் அனுப்ப வேண்டும், படத்தில் கடிகாரம் தெரிய வேண்டும். ஆடுகிறவரைப் பின்னாலிருந்து போனில் படம் எடுத்து வைத்திருக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும். முன்னணியில் வருகிறவர்களுக்குத்தான் பைனல். எல்லாம் உங்கள் விதி. எல்லாவற்றையும் செய்தேன். அரிசி டின்னின் மேல் போனைச் சாய்த்து வைத்தேன்.

முதல் சுற்றுகள் எல்லாம் வீண். கை வியர்த்து விசையில் வழுக்கியது. பாதையின் கடைசியில் ஒரு குறுகிய வளைவு இருக்கிறது. அங்கே பிரேக்கைத் தொடாமல் திரும்பினால்தான் முதலிடத்தில் இருக்கிறவரைத் தாண்ட முடியும். அந்த முதலிடத்தில் இருந்தவர் உங்கள் மைத்துனர். நான் ஒவ்வொரு முறையும் அங்கே பயந்து பிரேக்கைத் தொட்டேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

நல்ல சுற்று ஒன்று அமைந்து, பாதி தூரம் போயிருந்தபோது வெளியே ஆலை வேன் வந்து நின்றது. வாசலில் குழாய்ச் சத்தம் கேட்டது. அம்மா கைகால் கழுவாமல் வீட்டுக்குள் வரமாட்டார், உடம்பில் மருந்துப் பொடி இருக்கும். பிறகு உள்ளே வந்தார்.

"ஏட்டி, மாவு வாங்குனியா?"

"பேசாதம்மா."

"பேசாதம்மாவா. பொழுதன்னைக்கும் சரம் பின்னிட்டு வந்தவள வீட்டுக்குள்ள பேசாதங்கா. பெரிய டிரைவரு."

வளைவு வந்தது. பிரேக்கைத் தொடவில்லை. கார் சுவரை உரசியது, ஆனால் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டியது. உங்கள் மைத்துனரின் நேரத்தைவிடக் குறைவு. என் முதுகுக்குப் பின்னால் அம்மா, "முடிஞ்சுதா? இப்பம் பேசலாமா?" என்றார்.

இவ்வளவும் அந்த வீடியோவில் இருக்கிறது.

ஸ்கிரீன்ஷாட்டைப் பென்டிரைவில் எடுத்து, போனுக்கு மாற்றி, உங்கள் குரூப்பில் போட்டேன். கீழே நானே எழுதினேன்: "மேக்கில் டூயல் பூட். விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது." அதை நீங்கள் படிக்கவில்லை. படத்தின் மூலையில் காலை என்று இருந்ததை மட்டும் பார்த்தீர்கள். போட்டி தொடங்கும் முன்னாலேயே எடுத்த படம், போலி என்று எழுதினீர்கள். நான் பதில் எழுதுவதற்குள் குரூப்பை மாற்றி, அட்மின் மட்டும் எழுதலாம் என்று வைத்துவிட்டீர்கள். கூப்பிட்டேன். எடுக்கவில்லை. தனியாக எழுதினேன். நீலக் குறி வந்தது, பதில் வரவில்லை.

யாரோ உங்கள் வரியையும் என் பெயரோடு இருந்த ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து வேறு குரூப்புகளுக்கு அனுப்பினார்கள். நான் எழுதிய விளக்கம் அதில் இல்லை. மறுநாள் காலை பஸ்ஸில் போகும்போதே பிரஸ்காரர்கள் குரூப்பில் அதைப் பார்த்தேன். எனக்கு முன் சீட்டில் இருந்தவர் போனிலும் அதே படம் இருந்தது. அவர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் என்னைத் தெரியாது. ஆனால் நான் சிவகாசி வரும்வரை தலை நிமிரவில்லை. நான் ஏன் தலை குனிய வேண்டும்?

பிரஸ்ஸில் நுழைந்ததும் கட்டிங் மிஷின்காரன் மிஷினை நிறுத்திவிட்டு வந்தான்.

"அக்கா, மொதலாளி ஒங்களத் தேடுதாக. நேத்து சாயங்காலத்துல இருந்து போன் மேல போனு."

முதலாளி நல்ல மனுஷர். சத்தம் போடுகிறவர் இல்லை. அன்றைக்குச் சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"என்னம்மா இது, குரூப்பு குரூப்பா சுத்துது."

"அது பொய் மொதலாளி. அந்தக் கடிகாரம் ஏன் அப்பிடி இருக்குன்னு நான் காட்டுதேன்."

"பொய்யின்னு எனக்குத் தெரியுது. பார்ட்டிக்குத் தெரியணும்லா. அவுக கார் ரேஸப் பத்தியா கேக்காக? அந்தப் புள்ள எங்க ஃபைலத் தொடுதாளான்னு கேக்காக."

"நீங்க என்ன சொன்னீக?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இனிமே தொடமாட்டாள்னு சொல்லிட்டேன்."

லேபிள் அறையில் என் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு அதற்குள் மாறியிருந்தது. என்னைக் கல்யாணப் பத்திரிகை போடுகிற மேசைக்கு மாற்றினார். அந்த மேசைக்கு ஏற்கெனவே ஓர் ஆள் இருக்கிறார். இரண்டு பேருக்கு அங்கே வேலை இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். நான் எழுந்து போகும்போது கூப்பிட்டார்.

"அந்த அட்மின் எந்தக் குரூப்ல போட்டானோ அதே குரூப்ல, தப்பா சொல்லிட்டேன்னு ஒரு வரி போடட்டும். அதப் பார்ட்டிக்கு அனுப்பி ஒன்னைய பழைய எடத்துல ஒக்கார வைக்கேன். சீசன் ஆர்டர் முடியறதுக்குள்ள போடணும்மா. முடிஞ்சிட்டா வேற ஆளு போட்டுருவேன், எனக்கு வேற வழியில்ல."

இதுதான் விஷயம். கேம் இல்லை. கோப்பை இல்லை. ஒரு வரி. அது வந்தால் எனக்கு வேலை இருக்கிறது. வராவிட்டால் இல்லை. எங்கள் ஊரில் போலி என்று ஒரு முறை பெயர் வாங்கியவளை வேறு பிரஸ்ஸும் எடுக்காது. அதற்குப் பிறகு நான் போக இருக்கிற இடம் அம்மா போகிற வேன்தான். அந்த வேலையை நான் கேவலமாகச் சொல்லவில்லை. அந்த வேன் எனக்கு வேண்டாம் என்றுதான் அம்மா என்னைப் படிக்க வைத்தார்.

நீங்கள் போன் எடுக்காததால் நேரில் வந்தேன். பிரஸ்ஸிலிருந்து விருதுநகருக்கு லோடு ஏற்றிப் போகிற ஆட்டோவில், லேபிள் கட்டுகளுக்கு நடுவில், மேக்கைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கட்டிங் மிஷின்காரன் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தான். குலுங்குகிற ஒவ்வொரு பள்ளத்திலும் வட்டு போய்விடுமோ என்று பயந்தேன். வீடியோவை விட்டால் இது இப்போது என் ஒரே சாட்சி.

உங்கள் சென்டரில் கூட்டம் இருந்தது. நீங்கள் என்னை முதலில் அடையாளம் தெரியாமல் பேசினீர்கள்.

"என்னம்மா, டிவி ரிப்பேரா? அடுத்த கடை."

"டிவி இல்லண்ணே. நீங்க போலின்னு சொன்ன மேக்கு."

உங்கள் முகம் மாறியது. உட்காரச் சொல்லவில்லை. நானே பிளக்கைத் தேடி மாட்டினேன். முதலில் மேக்கைத் திறந்து காட்டினேன், நேரம் சரியாக இருந்தது. அணைத்துவிட்டு, விசையை அழுத்திக்கொண்டு போட்டேன். திரையில் இரண்டு வட்டுப் படங்கள் வந்தன. விண்டோஸைத் தொட்டேன். விண்டோஸ் வந்தது. உங்கள் சுவர்க் கடிகாரத்தில் மத்தியானம் பன்னிரண்டு. என் திரையில் காலை ஆறரை. ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்த ஒரு பெரியவர் கணக்குப் பார்த்துவிட்டு, "அட, அஞ்சரை மணி நேரம் கொறச்சலா காட்டுது" என்றார்.

"சரிம்மா, தெரியுது," என்றீர்கள்.

"வீடியோவையும் பாருங்கண்ணே. எங்க அம்மா வேலை முடிஞ்சு வர்ற சத்தம் அதுல இருக்கு. காலைல ஆடியிருந்தா எங்க அம்மா எப்பிடி வருவாக? ஆலைக்குள்ள இருப்பாக."

"லீவு போட்டிருக்கலாம்லா."

கட்டிங் மிஷின்காரன் குறுக்கே வந்தான். "அண்ணே, கண்ணு முன்னாடி கடிகாரம் ஓடுது. அதுவுமா லீவு போட்டிருக்கு?"

ஜெராக்ஸ் பெரியவர் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. அப்புறம்தான் உண்மை உங்கள் வாயிலிருந்து வந்தது. உங்களுக்கு ஞாபகம் இல்லாவிட்டால் நான் ஞாபகப்படுத்துகிறேன்.

"இங்க பாரும்மா, எங்கிட்ட வர்ற பிரஸ்காரப் பயலுக எல்லாம் பழைய தமிழ் சாப்ட்வேர் காலாவதி ஆகாம ஓடணும்னு கம்ப்யூட்டர் தேதியப் பின்னால தள்ளி வச்சிருப்பானுக. நானே எத்தனை பேருக்குத் தள்ளிக் குடுத்திருக்கேன். நீயும் அந்தக் கூட்டம்தானன்னு நெனச்சிட்டேன்."

அதாவது, பிரஸ்காரி கம்ப்யூட்டரில் நேரம் தப்பாக இருந்தால் அது அவளே மாற்றியதாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தீர்கள். படத்துக்குக் கீழே எழுதியதைப் படிக்க வேண்டியதில்லை, வீடியோவைக் கேட்க வேண்டியதில்லை, டூயல் பூட்டுக்கு நீங்களே ஓகே சொன்னதை நினைத்துப் பார்க்க வேண்டியதில்லை. தொழில் தெரிந்தவர் நீங்கள். அதனால் எல்லாம் தெரியும்.

"இத குரூப்ல எழுதுங்கண்ணே."

"நான் போட்டதத்தான் டெலிட் பண்ணிட்டேன்லா."

"ஒங்க குரூப்ல டெலிட் பண்ணீக. ஊர் பூரா இருக்க போன்ல இருக்கு."

"இம்புட்டு பெருசாக்காத. கேம்தான."

"ஒங்களுக்குக் கேமு. எனக்கு வேலைண்ணே. ஒரே வரி. நீங்க எழுதுனா என் வேலை தங்கும்."

நீங்கள் என்னைக் கடைக்கு வெளியே கூட்டிக்கொண்டு வந்தீர்கள். குரலைத் தணித்தீர்கள். "சரி, மன்னிச்சிக்கோ. இங்கன சொல்லிட்டேன், போதுமா? ஒம் பேர பைனல் லிஸ்ட்ல சத்தமில்லாம சேத்துக்கிடுதேன். குரூப்ல போடச் சொல்லாத. போட்டா எனக்கு அசிங்கம்லா. நாளைக்கு எவன் எம் பேச்சக் கேப்பான்?"

"எனக்கு அசிங்கமா இல்லையாண்ணே?"

"நீ பொம்பளப் பிள்ள, ஒன்னைய ரெண்டு நாள்ல மறந்துருவாங்க."

அதற்கு நான் சொன்ன பதிலைத் தெருவில் இரண்டு பேர் நின்று கேட்டார்கள். அதை நான் திரும்பப் பெறவில்லை.

மேக்கைச் சுற்றி எடுத்துக்கொண்டு திரும்பினேன். உங்கள் பைனலில் நான் ஆடவில்லை. உங்கள் மைத்துனர் ஜெயித்ததாகக் கேள்விப்பட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடிகாரம் ஏன் தப்பானது என்பதையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் எழுந்து போய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தார். பிறகு, "நான் வயரப் புடுங்குனது தப்பில்ல. இனியும் புடுங்குவேன்" என்றார். "ஆனா அந்த வீடியோவுல பேசுனது நான்தான். எந்தக் கூட்டத்துல வேணும்னாலும் வந்து சொல்லுதேன். கூப்பிடச் சொல்லு அந்தாள."

அவர் வருகிறேன் என்கிறார். ஆனால் அவர் சொல்லி என்ன ஆகும்? போலி என்று சொன்னவர் அவர் இல்லை.

இன்றைக்குக் காலையில் முதலாளி ஒரு புது ஆளை லேபிள் அறையில் உட்கார வைத்துப் பார்த்தார். பார்க்கத்தான், இன்னும் எடுக்கவில்லை என்று கட்டிங் மிஷின்காரன் சொன்னான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் புது ஆள் என் நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். சீசன் ஆர்டர் இன்னும் முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். குரூப்பில் என்னை எழுத விடவில்லை, அதனால் எல்லாரும் படிக்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடைக்கு வெளியே காதோடு சொன்னீர்களே, அது எனக்கு வேண்டாம். பைனலில் இடமும் வேண்டாம். ஒரு கேள்விதான். நான் அனுப்பிய படம் போலியா, இல்லையா? போலி என்றால் எப்படி என்று எழுதுங்கள். மேக்கைத் தூக்கிக்கொண்டு எங்கே சொல்கிறீர்களோ அங்கே வருகிறேன், எல்லார் முன்னாலும் திறந்து காட்டுகிறேன். போலி இல்லை என்றால் போலி இல்லை என்று எழுதுங்கள். தனியாக எனக்கு அனுப்பாதீர்கள். ஆள் விட்டுச் சொல்லாதீர்கள். எந்தக் குரூப்பில் எழுதினீர்களோ அதே குரூப்பில், அதே ஆட்கள் பார்க்க, உங்கள் பெயரைப் போட்டுப் பதில் சொல்லுங்கள்.